ஒன்றரை லட்சம் ஓடிய காருக்கு எந்த ஆயில்?

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "சார், வண்டி ஒன்றரை லட்சம் ஓடிடுச்சு. இனிமே கெட்டி ஆயிலா ஊத்திடுவோம்." சொல்பவர் கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்தான். அவர் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கிறது. மீதிப் பாதியை விசாரிக்காமல் தலையாட்டிவிட்டு வந்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் தேவையில்லாமல் தேய ஆரம்பிக்கும். இந்த அத்தியாயம் அந்த மீதிப் பாதியைப் பற்றியது.

ஓடிய கிலோமீட்டரை வைத்து ஆயிலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே நெடுஞ்சாலையிலேயே இரண்டு லட்சம் ஓடிய சான்ட்ரோ இருக்கிறது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று பத்து வருடமாகப் போய்வந்து 60,000 மட்டும் காட்டும் மாருதி 800-ம் இருக்கிறது. முதல் வண்டியின் இன்ஜின் இரண்டாவதைவிட நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும் இன்ஜின் முழுதாகச் சூடேறுவதே இல்லை. அதனால் ஆயிலில் சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக வழியின்றி அங்கேயே தங்கி, ஆயிலைக் கெடுக்கின்றன. ஓடோமீட்டருக்கு இது தெரியாது.

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது, அம்பாசடர் அதே ஆண்டு மே மாதத்தில். கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998 முதல் வந்த சான்ட்ரோ, டாடா இண்டிகா, பழைய ஸ்விஃப்ட் எல்லாம் இன்றும் நம் ஊர்களில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. பதினைந்து வருடம் முடிந்த வண்டியை எஃப்.சி. காட்டி, ஆர்.சி.யை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்து ஓட்டுகிறார்கள். புகை விடும் வண்டி அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். இந்தக் கார்களை நல்லபடியாக ஓடவைப்பது செய்யக்கூடிய காரியம்தான். அதற்கு ஆயில் கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு மாதம் இன்ஜினைக் கவனியுங்கள்

டிப்ஸ்டிக்கில் தொடங்குங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பாருங்கள். உருவித் துடைத்து, மறுபடி முழுதாக உள்ளே விட்டு எடுத்தால் வருவதுதான் சரியான அளவு. மேல் குறி வரை ஆயிலை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு வாரம் ஒரு முறை பாருங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் நடுவே முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை பிடிக்கும். மாருதி 800 போன்ற வண்டியில் மொத்த ஆயிலே சுமார் 3 லிட்டர்தான். ஆகவே கீழ்க் குறியைத் தொட்டுவிட்டது என்றால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஆயில் இல்லாமல் ஓட்டுகிறீர்கள் என்று பொருள். மிச்சமிருக்கும் ஆயில் அத்தனை சூட்டையும் தாங்கி, சீக்கிரம் கெட்டுப்போகும்.

எவ்வளவு குறைந்தால் கவலைப்படலாம்? 5,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்பது பழைய இன்ஜினுக்கு இயல்பு. நிரப்பிக்கொண்டு நிம்மதியாக ஓட்டலாம். 2,000-க்கு ஒரு லிட்டர் போனால் காரணத்தைத் தேட வேண்டும். 1,000-க்கு ஒரு லிட்டர் போனால் ஆயிலை மாற்றிப் பார்த்துச் சமாளிக்கும் கட்டம் கடந்துவிட்டது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஆயில் குறைகிறது என்றால் ஒன்று ஒழுகுகிறது, அல்லது எரிகிறது. ஒழுகுவதைக் கண்டுபிடிப்பது சுலபம். இரவு வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவிட்டுக் காலையில் பாருங்கள். சொட்டு எங்கே விழுந்திருக்கிறதோ அதற்கு மேலே தேடுங்கள். பெரும்பாலும் டேப்பட் கவர் பேக்கிங், டிரெயின் நட்டு வாஷர், கிராங்க் ஆயில் சீல் இவற்றில் ஒன்றாக இருக்கும். முதல் இரண்டும் சில்லறைச் செலவு. கிராங்க் சீல் மாற்ற, அதிலும் கிளட்ச் பக்கத்துச் சீல் மாற்ற, கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருப்பதால் செலவு கூடும். சீல் மாற்றுவதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் பிசிவி வால்வையும் பிரீதர் ஹோஸையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் மூச்சுவிடும் அந்த வழி அடைத்துக்கொண்டால் உள்ளே காற்றழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். சுத்தம் செய்தாலே ஒழுகல் நின்றுபோன வண்டிகள் உண்டு. இந்த ஒரு விஷயத்தைப் பாராமல் சீலுக்கு மேல் சீலாக மாற்றிப் பணத்தை விடுகிறவர்கள் அதிகம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எரிவதைப் புகை காட்டிக்கொடுக்கும். ஆயில் எரிந்தால் புகை நீலச் சாயலில் இருக்கும். கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம் போகிறது. சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப் புகை என்றால் கூலண்ட் உள்ளே போகிறது. அந்த நிலையில் ஆயில் அடைக்கும் மூடியைத் திறந்து பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டியில் மழைக்காலத்தில் வெறும் ஈரத்தாலும் மூடியின் அடியில் கொஞ்சம் இப்படிப் படியும் என்பதால், டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

நீலப் புகை எப்போது வருகிறது என்பது முக்கியம். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை வந்து, பிறகு நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. மலைப்பாதை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் இரண்டாவது கியரில் இறங்கும்போது, பெட்ரோல் இன்ஜினுக்குள் வெற்றிடம் அதிகமாகும். தேய்ந்த வால்வு சீல் வழியாக ஆயில் உள்ளே இழுக்கப்படும். அடிவாரம் வந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கண்ணாடியில் நீலப் புகை தெரியும். இதற்கு மாறாக, மேடு ஏறும்போதும் வேகம் எடுக்கும்போதும் விடாமல் புகை வந்தால் பிஸ்டன் ரிங்குதான். வால்வு சீல் வேலை நடுத்தரச் செலவு. ரிங்கு என்றால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். ஒரு படி கெட்டியான ஆயில் முதலாவதை ஓரளவு குறைக்கும். இரண்டாவதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடும், அவ்வளவே.

அடுத்தது சத்தமும் ஆயில் லைட்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி டேப்பட் சத்தம் கேட்டு அடங்கினால் பயமில்லை. சூடேறிய பிறகும் தொடர்ந்தால் டேப்பட் செட்டிங்கையோ ஆயில் அழுத்தத்தையோ பார்க்க வேண்டும். ஆயில் லைட்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. ஆயில் குறைந்தால் அது எரிந்து சொல்லிவிடும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அந்த லைட் அளவைக் காட்டுவதில்லை. அழுத்தம் மிகவும் விழுந்த பிறகுதான் எரியும். ஓடும்போது எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் பேரிங்கு போய்விடும். நன்றாகச் சூடான இன்ஜின் சிக்னலில் நிற்கும்போது மட்டும் லைட் மினுக்கி, ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் அணைந்தால் பேரிங்கோ பம்ப்போ தேய்ந்திருக்கிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் அந்த மினுக்கல் நிற்கக்கூடும். தேய்மானம் அப்படியேதான் இருக்கும். ஆகவே அதற்கு முன் கேஜ் வைத்து அழுத்தத்தை அளந்து பார்த்துவிடுவது நல்லது.

டப்பாவில் உள்ள எண்கள்

20டபிள்யூ-40 என்பதில் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. முன் எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்கிறது. பின் எண் 100 டிகிரி செல்சியஸில், அதாவது ஓடும் இன்ஜினின் சூட்டில், அதன் கெட்டித்தன்மையைச் சொல்கிறது. எஸ்.ஏ.இ. தரப்படி 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. ஒரே 40 என்று அச்சிட்ட இரண்டு டப்பாக்களில் ஒன்று 13 ஆகவும் மற்றொன்று 16 ஆகவும் இருக்கலாம். பிராண்டை மாற்றியதும் இன்ஜின் சத்தம் குறைந்ததாகச் சிலர் சொல்வது வெறும் பிரமை என்று தள்ளிவிட முடியாததற்கு இதுவே காரணம்.

முன் எண்ணை மதிப்பிடும் சோதனை நம் ஊர் வெப்பநிலைக்கு வெகு தூரத்தில் நடக்கிறது. 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். ஊட்டியில் உறைபனி விழும் காலையில்கூட 20டபிள்யூ ஆயில் ஊற்றிய வண்டி ஸ்டார்ட் ஆகும். "அப்படியானால் நமக்கு முன் எண் எதற்கு?" என்று கேட்கலாம். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஸ்டார்ட் ஆவது வேறு, ஆயில் மேலே ஏறி கேம்ஷாஃப்ட்டையும் டேப்பட்டையும் சென்றடைவது வேறு. 30 டிகிரி அடிக்கும் சென்னைக் காலையிலும் 20டபிள்யூ-50 ஆயில், 5டபிள்யூ-30 ஆயிலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்கிறது. ஆயில் எல்லா இடங்களுக்கும் போய்ச்சேரும் வரை உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. பழைய இன்ஜினின் தேய்மானத்தில் பெரும்பங்கு அந்தச் சில நொடிகளிலும் அதைத் தொடரும் சில நிமிடங்களிலும் நிகழ்கிறது.

"நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான்" என்ற பேச்சையும் இந்த இடத்தில் சரிபார்த்துவிடலாம். வேலூரில் வெளியே 42 டிகிரி என்றாலும், கொடைக்கானலில் 12 டிகிரி என்றாலும், சூடேறிய இன்ஜினைத் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் வைத்திருக்கிறது. ஆயிலும் 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஏ.சி. போட்டு நெரிசலில் ஊர்ந்தாலோ, ஐந்து பேரும் சாமானுமாக மலை ஏறினாலோ அதற்கு மேல் போகும். கெட்டியான பின் எண்ணுக்கு நியாயம் கிடைப்பது இந்த உழைப்பினால்தான். வெளிவெயில் மட்டும் காரணமாகிவிடாது.

எப்போது ஒரு படி ஏறலாம்

கையேட்டில் போட்டிருக்கும் எண்ணே எப்போதும் தொடக்கம். கையேடு தொலைந்திருந்தால் அதே மாடல் வைத்திருக்கும் நண்பரிடம் வாங்கிப் பாருங்கள், அல்லது அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். இன்ஜின் ஆயில் குடிக்கவில்லை, புகை இல்லை, லைட் மினுக்கவில்லை என்றால் இரண்டு லட்சம் ஓடியிருந்தாலும் அதே எண்ணில் இருங்கள். கிலோமீட்டர் கூடிவிட்டது என்பதற்காக மட்டும் மாற்றக் கூடாது.

ஆயில் குறைகிறது, ரிங்கு வேலைக்கு இன்னும் காலம் இருக்கிறது என்றால் பின் எண்ணை ஒரே ஒரு படி ஏற்றுங்கள். 30 இருந்தால் 40. முன் எண்ணை ஏற்றாதீர்கள். கையேட்டில் 5டபிள்யூ-30 என்று இருக்கும் வண்டிக்கு 5டபிள்யூ-40 ஊற்றினால், சூட்டில் கெட்டித்தன்மை கூடுகிறது, காலை ஸ்டார்ட்டில் இழப்பும் அதிகமில்லை. அதே வண்டிக்கு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறதே என்று 20டபிள்யூ-50 ஊற்றினால் சூட்டில் இரண்டு படியும், குளிரில் அதைவிடப் பெரிய தாவலும் ஒன்றாக நடக்கின்றன. மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியதும் இதைத்தான்: "அண்ணே, நாப்பது போடுங்க, முன்னாடி நம்பர் அஞ்சே இருக்கட்டும்."

கையேட்டிலேயே 20டபிள்யூ-40 என்றிருக்கும் பழைய பெட்ரோல் வண்டிக்கு 15டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40 ஊற்றலாம். சூட்டில் அதே கெட்டி, காலையில் சீக்கிரம் மேலேறும். ஆனால் மலிவான ஆயிலில் முன் எண் சிறிதாக இருந்தால் ஒரு பலவீனம் உண்டு. இலேசான அடிப்படை ஆயிலில் பாலிமரைக் கலந்து பின் எண்ணை எட்டவைத்திருப்பார்கள். அந்த இலேசான பகுதி சூட்டில் ஆவியாகும், பாலிமர் நாளடைவில் அறுபட்டு ஆயில் நீர்த்துப்போகும். 5டபிள்யூ-40 வாங்குவதானால் நல்ல சின்தெட்டிக்காக வாங்குங்கள். டப்பாவின் பின்புறத்தில் ஏ.சி.இ.ஏ. ஏ3/பி4 என்ற குறி இருக்கிறதா என்று தேடுங்கள். கடும் சூட்டிலும் ஆயில் படலம் நிலைக்க வேண்டும், கெட்டித்தன்மை தன் படியிலிருந்து இறங்கக் கூடாது, ஆவியாவது 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அந்தத் தரம் வரையறுக்கிறது. ஆயில் குடிக்கும் பழைய இன்ஜினுக்கு வேண்டியவை இவையே. பிராண்டின் பெயரைவிட இந்தக் குறியை நான் அதிகம் நம்புகிறேன்.

20டபிள்யூ-50 எந்த வண்டிக்கும் உதவாது என்று சொல்ல வரவில்லை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற, இடைவெளிகள் தாராளமாக வடிவமைக்கப்பட்ட இன்ஜின்களுக்கு அது பொருந்தும். 20டபிள்யூ-40-ல் ஓடி, ஆயில் குடிக்கத் தொடங்கிவிட்ட மாருதி 800-க்கும் கடைசிக் கட்டத் துணையாக அதைத் தரலாம்.

தரவே கூடாத இடம் ஒன்று உண்டு. ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், புன்ட்டோ, இண்டிகா விஸ்டா என்று பல பெயர்களில் நம் சாலைகளில் ஓடுகிறது. டாக்சியாக ஓடி மூன்று லட்சம் தாண்டிய வண்டிகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம். அதன் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. டேப்பட்டுகளும் ஆயிலில் இயங்கும் ஹைட்ராலிக் வகை. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடிய டர்போவுக்கு ஒரு மெல்லிய குழாய் வழியாக ஆயில் போகிறது. இத்தனையும் ஆயில் உடனே வந்து சேர்வதையே நம்பியிருக்கின்றன. காலையில் ஸ்டார்ட் செய்ததும் செயின் கரகரவென்று சத்தம் போடும் வண்டிக்கு, சத்தத்தை அடக்குகிறேன் என்று கெட்டி ஆயில் ஊற்றினால் டென்ஷனருக்கு ஆயில் இன்னும் தாமதமாகப் போகும். சத்தம் கூடுவது மட்டுமல்ல, செயின் பல் தாண்டினால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து இன்ஜினே போய்விடும். வால்வு டைமிங்கை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் பெட்ரோல் இன்ஜின்களுக்கும், அதாவது விவிடி என்ற எழுத்துகள் உள்ளவற்றுக்கும், இதே எச்சரிக்கை. இவற்றில் கையேட்டு எண்ணை விட்டு நகராதீர்கள். நகர்ந்தே ஆக வேண்டுமானால் முன் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு பின் எண்ணில் ஒரு படி மட்டும்.

எழுத்துகள்

எண்களுக்குப் பக்கத்தில் ஏ.பி.ஐ. எஸ்என், எஸ்பி, சிஐ-4 என்று எழுத்துகள் இருக்கும். எஸ் வரிசை பெட்ரோலுக்கு, சி வரிசை டீசலுக்கு. இரண்டாவது எழுத்து அகரவரிசையில் பின்னால் போகப் போகத் தரம் புதியது. எஸ்என் 2010-ல் வந்தது, எஸ்பி 2020-ல். புதிய தரம் பழைய இன்ஜினுக்கும் பொருந்தும். எஸ்எஃப், எஸ்ஜி என்று மட்டும் அச்சிட்ட டப்பாக்கள் இன்னும் சிறு கடைகளில் கிடைக்கின்றன. அவை காலாவதியான தரங்கள். லிட்டருக்கு ஐம்பது நூறு மிச்சமாகிறது என்று அவற்றை வாங்க வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கு. அந்த இன்ஜின்களில் கேம், தட்டையான டேப்பட்டின் மேல் சறுக்கியபடி ஓடுகிறது. அந்த உரசலைத் தாங்க ஆயிலில் உள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக, 30-உம் அதற்குக் கீழும் உள்ள புதிய தர ஆயில்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்திவிட்டார்கள். 40, 50 எண் ஆயில்களுக்கு அந்த உச்சவரம்பு இல்லை. ஆகவே இந்த வண்டிகளுக்கு 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50-ஐ விட்டு இறங்காதீர்கள்.

பழைய டீசல் கார்களுக்கு 15டபிள்யூ-40 சிஐ-4 நல்ல தேர்வு. இண்டிகாவின் 1.4 லிட்டர் இன்ஜின் போன்றவை அதில் நன்றாக ஓடும். ஊற்றிய சில நூறு கிலோமீட்டரிலேயே ஆயில் கறுத்துவிட்டது என்று பதற வேண்டாம். கரியைத் தன்னுள் வாங்கிக்கொண்டு படியவிடாமல் வைத்திருப்பதே அதன் வேலை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளின் கணக்கு வேறு. சைலன்சரில் கரி வடிகட்டி இருப்பதால், சாம்பல் குறைவாக விடும் ஏ.சி.இ.ஏ. சி2, சி3 போன்ற தர ஆயிலே அவற்றுக்கு வேண்டும். ஏ3/பி4 அவற்றுக்கு ஆகாது.

மினரலா, சின்தெட்டிக்கா?

"பழைய வண்டிக்குச் சின்தெட்டிக் ஊத்தினா ஒழுகும்" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆரம்பகாலச் சின்தெட்டிக் ஆயில்கள் சிலவற்றில் ரப்பர் சீல் சுருங்கியது உண்மை. இன்றைய ஆயில்களில் அதைச் சரிசெய்யும் பொருள்கள் கலந்தே வருகின்றன. இன்று ஒழுகினால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஏற்கெனவே வெடித்துப்போன சீலைப் பழைய கசடு அடைத்துக்கொண்டிருந்தது, புதிய ஆயில் அந்தக் கசடைக் கரைத்துவிட்டது. மினரலிலிருந்து சின்தெட்டிக்குக்கு மாறலாம், திரும்பியும் வரலாம். அவசரத்துக்கு ஒன்றோடொன்று கலந்து ஊற்றினாலும் இன்ஜினுக்குக் கேடில்லை.

அதிகம் ஓடிய வண்டிகளுக்கென்றே தனி ஆயிலை அமெரிக்காவில் வால்வோலின் நிறுவனம் 2000-ல் மேக்ஸ்லைஃப் என்ற பெயரில் கொண்டுவந்தது. 75,000 மைல், அதாவது சுமார் 1,20,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டிகளுக்கு என்று சொல்லி விற்றார்கள். பிறகு மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. காய்ந்து இறுகிய சீலை மெதுவாக்கிச் சற்றே உப்பவைக்கும் பொருள்கள் அவற்றில் கூடுதலாக இருக்கும். இலேசான கசிவுக்கு அது உதவும். கிழிந்த சீலுக்கு எதுவும் செய்யாது. நம் ஊர்க் கடைகளில் இந்த வகை எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்கவில்லையே என்று வருந்தவும் வேண்டாம், நல்ல 40 எண் ஆயில் பெரும்பாலான வேலையைச் செய்துவிடும்.

என் கருத்து இது. டர்போ உள்ள வண்டிக்குச் சின்தெட்டிக்குக்குச் செலவு செய்யுங்கள். மாருதி 800, சான்ட்ரோ போன்ற எளிய பெட்ரோல் இன்ஜினுக்கு நம்பகமான மினரல் அல்லது செமி சின்தெட்டிக் ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது, இரண்டு மடங்கு விலை கொடுத்துச் சின்தெட்டிக் ஊற்றி 15,000 வரை இழுப்பதைவிட நல்லது. பழைய இன்ஜினில் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் கரியும் எரிபொருளும் அதிகம். எவ்வளவு உயர்ந்த ஆயிலாக இருந்தாலும் அந்த அழுக்கு அதில் சேரத்தான் செய்யும், வடித்து வெளியேற்றினால்தான் போகும். வண்டி குறைவாக ஓடினாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அதிகம் போனால் வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

டீசலில் கந்தகம் குறைந்துவிட்டது என்பதை வைத்து இந்த இடைவெளியை நீட்டுகிறவர்களும் உண்டு. பிஎஸ்-3 காலத்தில் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை இருந்த கந்தகம், பிஎஸ்-4-ல் 50 ஆகி, இப்போது 10 ஆகியிருக்கிறது. ஆயிலைத் தின்னும் அமிலம் அதனால் குறைகிறது. ஆனால் கரி குறையவில்லை. உங்கள் இண்டிகாவுக்கு 5,000 என்றால் 5,000-தான்.

முன்கதை தெரியாத செகண்ட்ஹேண்ட் வண்டி

வாங்கிய வாரமே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். விற்றவர் "போன மாசம்தான் மாத்தினேன்" என்று சொன்னாலும் மாற்றுங்கள். ஆயில் அடைக்கும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தார் பூசியதுபோல் கறுப்புக் கசடு படிந்திருந்தால் ஃப்ளஷ் செய்யச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கசடு அதிகமுள்ள இன்ஜினில் ஃப்ளஷ் ஆபத்தானது. கசடு கரைவதற்குப் பதில் கட்டி கட்டியாகப் பெயர்ந்து, சம்ப்பில் உள்ள சல்லடையை அடைத்தால் பம்ப்புக்கு ஆயில் வராது. சாதாரண ஆயிலையே குறுகிய இடைவெளியில் மாற்றுவதுதான் பாதுகாப்பான வழி. முதல் முறை 1,500 கிலோமீட்டரில், அடுத்தது 3,000-ல், பிறகு 5,000-ல். ஆயிலில் உள்ள சுத்திகரிப்புப் பொருள்கள் படிப்படியாகக் கழுவிக்கொண்டு வரும். இந்தக் கட்டத்தில் விலை உயர்ந்த ஆயில் தேவையில்லை.

ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். ஃபில்டருக்குள் ஒரு சிறிய ரப்பர் வால்வு, இன்ஜின் நின்றபின் ஆயில் கீழே வடிந்துவிடாமல் பிடித்து வைக்கிறது. மலிவான ஃபில்டரில் அது சரியாக அடைக்காது. காலையில் நீண்ட டேப்பட் சத்தம் கேட்டால், ஆயிலைக் குறைசொல்வதற்கு முன் ஒரிஜினல் ஃபில்டர் போட்டுப் பாருங்கள். டிரெயின் நட்டு வாஷரும் புதிது போடச் சொல்லுங்கள்.

வாங்கும்போதும் ஊற்றும்போதும்

பேரலிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயில் வேண்டாம். அது என்ன எண், என்ன தரம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. போலி ஆயில் பெரும்பாலும் அசல் டப்பாவிலேயே வருகிறது, ஒர்க்‌ஷாப்பில் காலியான டப்பாக்கள் போலி தயாரிப்பவர்கள் கைக்குப் போய்ச் சேர்கின்றன. பெட்ரோல் பங்க்கிலோ நிறுவனத்தின் டீலரிடமோ பில்லோடு வாங்குங்கள். மூடியின் சீல் வளையம், தயாரிப்புத் தேதி, பேட்ச் எண் மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். உங்கள் கண் முன்னே திறந்து ஊற்றச் சொல்லுங்கள். முடிந்ததும் காலி டப்பாவைக் கத்தியால் கிழித்துவிட்டு வாருங்கள். மெக்கானிக்குச் சங்கடமாக இருக்குமே என்று தயங்க வேண்டாம், நேர்மையானவர் கத்தியை அவரே எடுத்துக் கொடுப்பார்.

மேல் குறிக்கு மேல் ஊற்றுவதும் தவறு. அளவு மிஞ்சினால் கிராங்க் சுழலும்போது ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும், அழுத்தம் குறையும், சீல்கள் வழியாக வெளியேறும். பைக்குக்கான 4டி ஆயில் வீட்டில் மிச்சம் இருக்கிறது என்று காரில் சேர்க்காதீர்கள். அது கிளட்ச்சையும் கியரையும் சேர்த்து நனைக்கும் இன்ஜினுக்காகச் செய்யப்பட்டது.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. சட்டப்படி அது அபாயகரமான கழிவு. கரையான் வராது என்று அதை மரத்தில் பூசும் பழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. தேய்ந்த உலோகமும் எரிந்த எரிபொருளின் நச்சும் கலந்த அந்த எண்ணெய், குழந்தைகள் தொடும் கதவிலும் கட்டிலிலும் இருக்க வேண்டியதில்லை. வீட்டில் நீங்களே ஆயில் மாற்றினால் கேனில் பிடித்து, பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள்.

ஆயிலால் ஆகாத கட்டம்

1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போகிறது, மேட்டில் விடாமல் நீலப் புகை என்றால் ஆயிலை மாற்றி மாற்றிப் பார்ப்பதை நிறுத்துங்கள். எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், எஃப்.சி. நேரத்தில் புகைச் சோதனையில் நிற்காது. ஆயிலைக் கெட்டியாக்கும் பிசின் போன்ற திரவங்களை ஊற்றச் சொல்வார்கள். வண்டியை விற்கும் நாள் வரை புகையை மறைக்கத்தான் அவை பயன்படும். வாங்குபவரை ஏமாற்றும் அந்த வேலைக்கு உங்கள் பணத்தைச் செலவிடாதீர்கள்.

அதற்குப் பதில் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வண்டியில் அது சீக்கிரம் முடிகிற வேலை. ஒவ்வொரு பிளக் துளையிலும் கேஜ் வைத்து அளந்து, குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங்கு தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு சரியாக உட்காரவில்லை. எல்லாச் சிலிண்டரும் சமமாக, நல்ல அளவில் காட்டி, புகை மட்டும் வந்தால் வால்வு சீலோடு வேலை முடிந்துவிடக்கூடும். பிரிப்பதற்கு முன்னாலேயே இந்த எண்களை எழுதி வாங்கிக்கொண்டால், "பிரிச்சுப் பாத்தாதான் தெரியும்" என்று தொடங்கி ஏறிக்கொண்டே போகும் பில்லுக்கு ஒரு வரம்பு இருக்கும்.

ரிங்கு மாற்றி, போர் சரிசெய்த இன்ஜினுக்கு மீண்டும் கையேட்டு எண் ஆயிலையே ஊற்றுங்கள். முதல் முறை சாதாரண மினரல் ஆயில் போதும், புது ரிங்கு சிலிண்டரோடு பொருந்தி அமர அது ஏற்றது. முதல் 1,000 கிலோமீட்டரில் அதை வடித்துவிட்டு ஃபில்டரோடு மாற்றுங்கள். அதுவரை ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டாமல், வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்டுங்கள். டிப்ஸ்டிக் கணக்கையும் நோட்டில் புதிய பக்கத்தில் தொடங்குங்கள்.